மச்சமா, தழும்பா? எரர் காசு பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் சில்லறை கையில் புரளும் தொழில். கோயில் திருவிழா முடிந்து உண்டியல் எண்ணும்போதும் பாயில் உட்கார்ந்து காசு பிரிக்கிற ஆட்களில் நானும் ஒருவன். இருபது வருடமாகக் காசு சேர்க்கிறேன், அதிலும் அச்சுப் பிழை உள்ள காசுகள் மேல்தான் எனக்கு ஆசை. இப்போது, பழைய காசுக்கு ஆயிரக்கணக்கில் தருவதாகச் சொல்லும் வீடியோ பார்த்துவிட்டு, சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து மைலோ டின் நிறையக் காசோடு ஆட்கள் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

எரர் காசு என்றால் சரியாக என்ன?

காசுக்கு மச்சமும் உண்டு, தழும்பும் உண்டு. மச்சம் பிறக்கும்போதே வந்தது, தழும்பு பிறகு பட்டது. எரர் என்பது மச்சம் மட்டும்தான்.

காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெறும் வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அந்த வில்லையை உருட்டி நசுக்கி ஓரத்தைக் கொஞ்சம் மேடாக்குவார்கள். உலோகம் இளகுவதற்காக அதைச் சூடாக்குவதும் உண்டு. பிறகு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் வில்லை விரியாமல் பிடித்துக்கொள்ள ஒரு வளையம், நடுவில் வில்லை. ஒரே அடி. இரண்டு பக்கப் படமும், விளிம்பில் இருக்கும் வரிகளும் அந்த ஒரே அடியில் வந்துவிடும். நம் காசுகளை அடிப்பது ஷா ஆலாமில் இருக்கும், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் காசு ஆலை. வில்லை வெட்டியதிலிருந்து அடி விழுந்து முடிகிற வரை நடந்த தவறுதான் எரர். ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்தது எதுவாக இருந்தாலும், பார்க்க எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அது தழும்பு.

அதனால் ஒரு காசைக் கையில் எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மெஷினுக்குள் இது எப்படி நடந்திருக்கும்? பதில் சொல்ல முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது தழும்புதான்.

பார்ப்பதற்கு என்னென்ன சாமான் வேண்டும்?

மூன்று. பத்தர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி 10 மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. அப்புறம் அதே வரிசையைச் சேர்ந்த ஒரு நல்ல காசு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல காசு இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், நேர் மேலிருந்து விழுந்தால் மேடு எது பள்ளம் எது என்று கண் ஏமாந்துவிடும்.

எடையைச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் வந்த செம்பருத்திக் காசுகளில், பல்லாங்குழிப் பலகை போட்ட 10 காசு (10 சென் நாணயம்) சுமார் 2.8 கிராம், 20 காசு 5.65, வாவ் பட்டம் போட்ட 50 காசு 9.3. 2012-ல் புழக்கத்துக்கு வந்த புதிய வரிசையில் 10 காசு 2.98, பொன்னிற 20 காசு 4.18, 50 காசு 5.66. பழைய 20 காசும் புதிய 50 காசும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றே என்பதைக் கவனியுங்கள், எந்த வரிசை என்று பார்க்காமல் தராசில் போட்டால் குழம்பிவிடுவீர்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், தேய்ந்த காசு இன்னும் கொஞ்சம் குறையும். நான் சொல்வது பெரிய வித்தியாசத்தை.

அண்ணே, என் 20 காசில் எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. இது டபுள் டை தானே?

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டபுள் டை என்றால் அச்சிலேயே படம் இரண்டு முறை, கொஞ்சம் விலகிப் பதிந்துவிட்டது என்று பொருள். அப்படி ஓர் அச்சு இருந்தால் அது அடித்த எல்லாக் காசிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில், அதே அளவில் வரும். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, உயரமாக, முழுசாக இருக்கும். எழுத்து வழக்கத்தை விடத் தடித்திருக்கும், அதன் முனையில் பாம்பின் நாக்கு போலப் பிளவு தெரியும்.

நீங்கள் கொண்டுவருவது பெரும்பாலும் வேறு. அடி விழுந்து முடிந்த கையோடு அச்சு லேசாக ஆடியிருக்கும், அந்த ஆட்டத்தில் எழுத்தின் ஒரு பக்கம் வழிக்கப்பட்டு ஒரு படி போல ஆகியிருக்கும். படி என்றால் மாடிப்படி போல, தட்டையாக, தாழ்வாக, பளபளவென்று. எழுத்து தடிக்காது, உண்மையில் மெலிந்திருக்கும், ஏனென்றால் அந்தப் படி எழுத்தின் சதையிலிருந்தே வந்தது. இதை மெஷின் டபுளிங் என்பார்கள். ஆலைக்குள் நடந்ததுதான், பொய் இல்லை, ஆனால் அவ்வளவு சாதாரணம் என்பதால் யாரும் கூடுதல் காசு தர மாட்டார்கள்.

போன தீமிதி முடிந்து உண்டியல் எண்ணும்போது கோயில் செயலவைத் தம்பி ஒருவர் ஒரு 20 காசை நீட்டி, "அண்ணே இங்க பாருங்க, ரெண்டு நிலா" என்றார். பாராளுமன்றக் கட்டடம் போட்ட பழைய வரிசை. குங்குமம் அப்பியிருந்த காசைத் துணியால் லேசாக ஒற்றி எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பிறையின் வெளி விளிம்பில் ஒரு தட்டைப் படி, நட்சத்திரத்தின் முனைகளிலும் அதே திசையில் அதே படி. விளக்கை ஒரு பக்கம் நகர்த்தினால் படி மின்னியது, இன்னொரு பக்கம் நகர்த்தினால் காணாமல் போனது. உண்மையான இரட்டிப்பாக இருந்தால் எந்த வெளிச்சத்திலும் அதன் உருவம் அங்கேயே நிற்கும். காசு உண்டியல் கணக்கில் சேர்ந்தது.

காசின் மேல் ஒரு கோடு ஓடுகிறது. அச்சு விரிசலா?

விரலால் தடவாதீர்கள், கண்ணாடியில் பாருங்கள். கோடு மேடாக இருந்தால் அச்சு விரிசல், பள்ளமாக இருந்தால் கீறல். காரணம் எளிது: அச்சில் விரிசல் விட்டால் அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் புகுந்து காசில் மேடாக எழும். வெளியே வந்த காசை ஆணியால் கீறினால் பள்ளம்தான் விழும், கீறலின் இரு ஓரத்திலும் உலோகம் வரப்பு போல ஒதுங்கியிருக்கும்.

விரிசல் பெரிதாகி விளிம்போரம் அச்சு ஒரு துண்டே உடைந்து விழுந்தால், காசில் அந்த இடத்தில் படமும் இல்லாமல் விளிம்பும் இல்லாமல் ஒரு வழவழப்பான மேடு வரும். சேகரிப்பவர்கள் இதை கட் (cud) என்பார்கள். நல்ல எரர். சரிபார்க்க ஒரு வழி உண்டு: காசைத் திருப்பி, அந்த மேட்டுக்கு நேர் பின்னால் பாருங்கள். அங்கே படம் மங்கலாக இருக்க வேண்டும். முன் பக்கம் உடைந்த பள்ளத்துக்குள் உலோகம் போய்விட்டால் பின் பக்க அச்சை நிரப்ப அழுத்தம் போதாது. மேடு இருக்கிறது, பின் பக்கம் கூர்மையாக இருக்கிறது என்றால் யாரோ ஈயத்தைச் சொட்டியிருக்கலாம்.

1 காசில் மட்டும் ஜாக்கிரதை. ஆரம்பத்தில் வந்தவை வெண்கலம், பிறகு வந்தவை உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. காந்தம் ஒட்டினால் பூச்சுக் காசு. நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து உப்பி, பூச்சை முகப்பரு போல மேலே தள்ளும். மேடாக இருப்பதால் எரர் என்று நினைத்துவிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் எங்காவது ஓரிடத்தில் பழுப்பு நிறத் துரு கசிந்திருக்கும்.

ஒரு ஓரம் கடித்தது போல இருக்கிறது. இது கிளிப்பா, யாராவது வெட்டியதா?

எனக்கு ரொம்பப் பிடித்த எரர் இதுதான். தகட்டில் வில்லை வெட்டும்போது தகடு போதிய அளவு நகரவில்லை என்றால், ஏற்கனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக் கத்தி பாதி விழும். கிடைப்பது பிறை போலக் கடிபட்ட வில்லை. அதை அப்படியே அச்சில் அடித்தால் கிளிப் காசு.

மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலில் கடித்த இடத்தின் நேர் எதிர் ஓரம். உண்மையான கிளிப்பில் பெரும்பாலும் அங்கே விளிம்பு மெலிந்து மங்கிப் போயிருக்கும். ஓரத்தை மேடாக்க வில்லையை இரு பக்கமும் அழுத்தி உருட்டும்போது, ஒரு பக்கம் ஓட்டையாக இருந்தால் எதிர்ப் பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. கடையில் கட்டர் வைத்து வெட்டுகிறவனால் இதைச் செய்ய முடியாது, அவன் வெட்டுவது விளிம்பெல்லாம் முழுமையாக வந்துவிட்ட காசை. இரண்டாவது, வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள். பிறவிக் கிளிப்பில் அவை வெட்டை நோக்கிக் கொஞ்சம் இழுபட்டு, கரைந்து போவது போல இருக்கும், அடி விழும்போது உலோகம் அந்தக் காலி இடத்துக்கு ஓடியதால். பின்னால் வெட்டிய காசில் எழுத்து கத்தியால் அறுத்த வாழைப்பழம் போலச் சட்டென்று முடியும். மூன்றாவது, வெட்டு முகத்தில் அரம் ஓடிய கோடுகள். எடை இரண்டிலும் குறையும், அதனால் எடை இங்கே தீர்ப்பு சொல்லாது.

என் காசின் ஓரம் தடித்துச் சுருண்டு, ஓரத்து எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. இப்படிப்பட்டதை நான் பார்த்ததே இல்லை.

நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டோபி கடைக் காசு. சுயமாகத் துவைக்கும் டோபி கடைகளில் துணி உலர்த்தும் பெரிய மெஷினின் உருளைக்கும் சுவருக்கும் இடையில் காசு சிக்கி, மாதக் கணக்கில் சூட்டில் சுழன்று, ஓரம் லட்சம் தடவை தட்டுப்பட்டு உள்பக்கமாக மடங்கும். காசு சின்னதாகிவிடும், விளிம்பு தடிக்கும், எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இரு பக்கமும் ஒரே சீராக, யாரோ கவனமாகச் செய்தது போல இருப்பதால் ஆலைத் தவறு என்றே தோன்றும். இல்லை.

காசு வழக்கத்தை விடப் பெரிதாகத் தட்டையாக இருக்கிறதே?

வளையம் சரியாகப் பிடிக்காமல் அடி விழுந்தால் காசு விரிந்துவிடும், விளிம்பு வரிகள் இருக்காது. அது எரர். ஆனால் அதில் நடுவில் இருக்கும் படம் கூர்மையாக இருக்கும். சுத்தியலில் அடித்த காசிலும் ரயில் தண்டவாளத்தில் வைத்த காசிலும் படமே தேய்த்து இழுத்தது போல நசுங்கியிருக்கும், வட்டம் முட்டை வடிவமாகும். எங்கள் ஊரில் சின்ன வயதில் தண்டவாளத்தில் காசு வைத்து விளையாடிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் காசுகளும் டின்களில் இருக்கின்றன. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

படம் ஒரு பக்கமாக விலகி, பிறை அளவுக்கு வெறும் உலோகம் தெரிந்தால் ஆஃப் சென்டர். பின் பக்கமும் கட்டாயம் விலகியிருக்க வேண்டும், ஒரே அடியில்தான் இரு பக்கமும் பிறக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் காலி, மறு பக்கம் முழுசு என்றால் பெரும்பாலும் தேய்த்து எடுத்தது.

அப்பா ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் இருந்த காசுகள் மெலிசாகவும் நீலம் பூத்தும் இருக்கின்றன. இவை எரரா?

இல்லை, அவர் வேலை செய்த இடத்தின் அடையாளம். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் இரும்புக் காசை அரிக்கும். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பின் மேல் நீலப் பச்சை பூக்க வைக்கும். பத்தர் பயன்படுத்தும் திராவகத்தில் விழுந்த காசு இன்னும் மோசமாகக் கரையும். ஆசிட் எல்லாப் பக்கமும் சமமாகத் தின்னும், அதனால் காசு மெலிவதோடு சுற்றளவும் குறையும், எழுத்தெல்லாம் சோப்பு போல வழுக்கும். ஆலையிலேயே மெலிந்த தகட்டில் அடித்த காசு அப்படி இருக்காது, வளையம் பிடித்ததால் சுற்றளவு சரியாக இருக்கும், எடை குறையும், படத்தின் உயரமான இடங்கள் மட்டும் சரியாக நிரம்பாமல் இருக்கும்.

எரர் இல்லை என்றாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பா கை பட்ட காசு.

ஒரு பக்கம் நேராகப் பிடித்தால் மறு பக்கம் சாய்ந்திருக்கிறது.

ரொட்டேட். அச்சு ஒன்று இடம் மாறித் திரும்பியிருந்தால் வரும். அதே வரிசைக் காசோடு பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். சில டிகிரி சாய்வை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், கால் வட்டம் அரை வட்டம் திரும்பியிருந்தால் கேட்பார்கள். சேதத்தால் இப்படி ஆக வழியே இல்லை, இதைப் போலியாகச் செய்வதும் கஷ்டம், அதனால் புதிதாகத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

புதிய 50 காசை ஆட்டினால் எண்ணும் எழுத்தும் மாறி மாறித் தெரிகிறது!

போலியைத் தடுக்க வேண்டுமென்றே வைத்தது. விளிம்பில் விட்டு விட்டு வரும் பள்ளங்களும் அப்படியே. செலவழிக்கலாம்.

எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிப் பதிந்திருக்கிறது.

முன்னால் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மேல் அதுவே அச்சாக இறங்கினால் அப்படி ஆகும். அபூர்வம். அதில் ஒரு பக்கம் முழுக்க, குழிவாக, ஒழுங்காகத் திரும்பிய படம் இருக்கும், அந்தப் பக்கத்துக்கு உரிய படம் அடியில் இருக்கவே இருக்காது. இரண்டு காசைப் பட்டறையில் இருக்கும் வைஸ் என்ற இடுக்கியில் வைத்து இறுக்கினாலும் திரும்பிய எழுத்து விழும், ஆனால் அடியில் பழைய படம் நசுங்கிக் கிடக்கும். என்னிடம் இதுவரை வந்ததெல்லாம் இரண்டாவது வகை.

ஓர் எழுத்தே காணோம். தேய்ந்ததா, அச்சாகவில்லையா?

பக்கத்து எழுத்தைப் பாருங்கள். அது கூர்மையாக இருந்து இது மட்டும் இல்லை என்றால், அச்சின் அந்தக் குழியில் கிரீஸும் அழுக்கும் அடைத்திருக்கலாம். எரர்தான், சின்ன எரர். எல்லாமே மங்கல் என்றால் தேய்மானம். அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

கிரிஸ் கத்தி போட்ட 1 வெள்ளி (ரிங்கிட்) காசு இருக்கிறது, எழுத்து மொழுக்கென்று குழி குழியாக இருக்கிறது. எரரா?

அந்தக் காசு 2005 டிசம்பர் 7 முதல் செல்லாது, கள்ளக் காசுத் தொல்லையும் அதற்கு ஒரு காரணம். அம்மைத் தழும்பு போலக் குழியும் மொழுக்கென்ற எழுத்தும் இருந்தால், வார்த்து எடுத்த போலி என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

நிறம் மாறிய காசு?

வெள்ளைக் காசு பொன்னிறமாக இருந்தால் பெரும்பாலும் முலாம். வேறு காசுக்கான வில்லையில் தவறி அடித்திருந்தால் எடையும் அளவும் காட்டிக் கொடுக்கும். பாதரசம் தேய்த்து வெள்ளையாக்கிய காசும் உண்டு, அது விஷம், கையில் வைத்திருக்காதீர்கள்.

விற்கும் முன் புளி போட்டு விளக்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும் சரி, காசுக்கு இல்லை. ஒரு முறை தேய்த்தால் மேல் தோல் போய்விடும், ஆயிரம் சின்னக் கீறல் விழும், உண்மையான எரர்கூட மதிப்பிழந்துவிடும். ஓர் ஐயா நல்லதோர் ஆஃப் சென்டர் காசைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டினார். அவருக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊற வைத்து, ஒற்றி உலர்த்துங்கள், போதும்.

வீடியோவில் ஆயிரக்கணக்கில் வெள்ளி தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

உங்களிடம் முதலில் பணம் கேட்டால் நம்பாதீர்கள். பதிவுக் கட்டணம், சோதனைக் கட்டணம், வரி, எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. காசு வாங்க வருகிறவன் பணம் தருவான், கேட்க மாட்டான். தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்து, தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கட்டணம் கேட்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரிக்கை விட்டது. எங்கள் வட்டாரத்தில் பென்ஷன் பணத்திலிருந்து 300 வெள்ளி கட்டிவிட்டு என் கடை வாசலில் வந்து உட்கார்ந்த அம்மா ஒருவர் உண்டு. அவர் வைத்திருந்தது டோபி கடைக் காசு. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

என்னிடம் விலை கேட்காதீர்கள். அது என்ன எரர், எவ்வளவு பெரியது, காசு எந்த நிலையில் இருக்கிறது, அன்றைக்கு வாங்க எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் காட்டுங்கள், எடையை நீங்களே போட்டு எழுதி வையுங்கள்.

உங்களிடம் வந்ததில் உண்மையாகவே எரர் என்று ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அக்கா இரண்டு மைலோ டின் கொண்டுவந்தார். முதல் டின் முழுக்க ஒன்றுமில்லை. இரண்டாவதில் பாதிக்கு மேல் போன பிறகு ஒரு 10 காசு, ஓரத்தில் சின்ன நகம் அளவு கடி. எதிர்ப் பக்கம் திருப்பினேன், விளிம்பு மெலிந்து கிட்டத்தட்ட இல்லாமலே இருந்தது. பக்கத்து எழுத்துகள் இழுபட்டிருந்தன, வெட்டு முகத்தில் அரக் கோடு இல்லை. தராசு 2.61 காட்டியது. அக்காவிடம் கண்ணாடியைக் கொடுத்து மூன்று இடத்தையும் காட்டினேன், அவர் எதிர் விளிம்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். விற்கவில்லை. பேத்திக்கு என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மெத்தென்று வளையும் மலிவுப் பிளாஸ்டிக் உறை காசில் பச்சையாகக் கசியும் என்பதால் அட்டை உறையில் போட்டு, வெளியே எடையையும் "கிளிப், அசல்" என்றும் எழுதிக் கொடுத்தேன்.